மூக்கன்

விடிந்ததும் அவன் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் முகம் கழுவி, பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துத் துவைத்துப் போட்டிருக்கும் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து நாலாக மடித்துக்கொள்வான். கொதித்த தண்ணீரில் ஒரு பிடி உப்பைப் போட்டு ஆறவிடுவான். பிறகு உள்ளறைக்குப் போய் மனைவியைத் தூக்கி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, இடது மார்பின் மேல் கட்டியிருக்கும் துணியை உப்புத் தண்ணீரால் நனைப்பான். ஒட்டியிருப்பது தானாக விடும்வரை காத்திருப்பான். அவசரப்பட்டு இழுத்தால் தோலும் கூடவே வரும். தோலில் ஒட்டியிருப்பதை எப்படி எடுப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுதான் அவன் பிழைப்பு.

துணி விட்டதும் புண் தெரியும். ஓரங்கள் கறுத்து, நடுவில் பூக்கோசு மாதிரிப் புடைத்து, இடுக்குகளில் மஞ்சளாக ஏதோ ஊறிக்கொண்டே இருக்கும். பஞ்சால் ஒற்றி எடுப்பான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புதுத் துணியை வைத்துக் கட்டி முடிச்சுப் போடுவான். பழையதைக் குச்சியால் தூக்கிக்கொண்டு போய்ப் புழக்கடையில் தகர டின்னுக்குள் போட்டு எரிப்பான். கஞ்சி காய்ச்சுவான். நாலு கரண்டி உள்ளே இறங்கினால் அன்றைக்கு நல்ல நாள். அதற்குள் அவனுடைய அக்கா எழுந்து, ஒரு துண்டை மூக்கோடு சேர்த்துப் பின்கழுத்தில் முடிந்துகொண்டு, வீட்டைக் கூட்ட ஆரம்பித்திருப்பாள். அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவான்.

இத்தனையையும் அவன் முகம் சுளிக்காமல் செய்தான். பார்த்தவர்கள் மாய்ந்துபோனார்கள். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்றார்கள். பிரார்த்தனைக் கூடத்தில் அவனை எடுத்துக்காட்டாகவே சொன்னார்கள். அதில் அவன் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவனுக்கு வாடை தெரியாது.

தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு வருவதுதான் அது. மாட்டுத்தோல் உப்புப் போட்டு மடித்து வரும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு வைத்தால் மயிர் கழன்று தோல் உப்பிக்கொள்ளும். உப்பின தோலைச் சாய்வான மரக்கட்டையின் மேல் விரித்துப் போட்டு, இரண்டு கைப்பிடி உள்ள வளைந்த கத்தியால் உள்பக்கத்துச் சவ்வையும் ஒட்டியிருக்கிற கொழுப்பையும் வழித்துத் தள்ள வேண்டும். அவனுக்கு அந்த வேலை. வழித்தது கொழகொழவென்று காலடியில் விழுந்து, தரையில் வழுக்கிக்கொண்டே போய்ச் சாக்கடையில் இறங்கும். கையுறை போட்டால் தோல் நழுவும், கத்தி திரும்பிவிடும். அதனால் யாரும் போடுவதில்லை. விரல் நுனிகளில் சுண்ணாம்பு தின்ற குழிகள் இருக்கும். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் வாந்தி எடுப்பார்கள். பிறகு பழகிவிடும். பழகிப் பழகி, சிலருக்கு ஒரு நாள் மூக்கு சுத்தமாகச் செத்துப்போகும். அப்படிச் செத்தவனுக்கு ஷாப்பில் மூக்கன் என்று பட்டம் கொடுப்பார்கள். அவனுக்கு முன்னால் அங்கே இரண்டு பேர் இருந்ததால் அவன் சின்ன மூக்கன். சோற்று டப்பாவைத் திறந்தால், "என்ன குழம்புன்னு எங்களக் கேட்டுத் தெரிஞ்சிக்கோ, மூக்கா" என்பார் மேஸ்திரி. எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

கல்யாணமான புதிதில் அவனுக்கு மூக்கு இருந்தது. அவளுக்கு அதைவிடப் பெரிய மூக்கு. சாயங்காலம் வீட்டு வாசலில் அவனை நிறுத்திவைத்து இரண்டு கைகளையும் வாங்கி முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். "ம்ஹூம். இன்னொரு தடவ" என்பாள். அவன் புழக்கடைக்குப் போய், அவள் எடுத்துவைத்திருக்கும் பிழிந்த எலுமிச்சை மூடிகளால் விரல் இடுக்குகளைத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவான். மறுபடியும் மோப்பம். மறுபடியும் ம்ஹூம். சில நாள் மூன்று நாலு தடவை நடப்பான். கடைசியில் "பாஸ்" என்று சொல்லிவிட்டு அந்தக் கைகளைத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். அந்தச் சோதனை முடியாமல் அவளைத் தொட முடியாது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் இதைப் பார்த்துவிட்டு, செக்போஸ்டில் லாரியை நிறுத்துகிற மாதிரி நிறுத்துகிறாளே என்று கேலி செய்வார்.

மூக்கு செத்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. அடிபிடித்துத் தீய்ந்த பாலை ஒரு நாள் அவன் பாட்டுக்குக் குடித்து முடித்ததைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். பிறகு, "விடு. என்கிட்ட ஒண்ணு இருக்கில்ல. ரெண்டு பேருக்கும் அது போதும்" என்றாள். அதற்கப்புறம் கெட்ட சோறு, கசியும் அடுப்பு, எரியும் ஒயர் எல்லாம் அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். தன் கை சுத்தமா இல்லையா என்பதும்.

அந்தக் காலத்தில் அவள் பிரார்த்தனைக் கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடுவாள். நல்ல குரல். கூடத்தின் பெரியவர் பேச்சை முடித்ததும் அவள் பக்கம் பார்த்துத் தலையசைப்பார், அவள் ஆரம்பிப்பாள். அவன் பின்வரிசையில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து, தன் மனைவியின் குரல் கூரையில் முட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். கடவுளிடம் அவனைக் கூட்டிப்போனவளே அவள்தான். அதற்கு முன்னால் அவனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.

மழை நிற்காமல் பெய்து ஷாப்பின் சாக்கடை நிரம்பித் தெருவுக்குள் வந்த வருஷம் அவர்களுடைய பெண்குழந்தைக்கு வயிற்றால் போனது. அம்மா, அப்பா என்று சொல்லத் தெரிந்திருந்தது. 'போ' என்றும் சொல்லும். அவ்வளவு சின்னக் குழந்தை. ஒரு நாள் காலையில் ஆரம்பித்து, மறுநாள் விளக்கு வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வாரமே அவள் கூடத்துக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடினாள். பாதியில் குரல் உடைந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தாள். பெரியவர் அழுதுவிட்டார். கஷ்டம் மனுஷனைப் பணியவைக்கும், பணிந்தவனைக் கடவுள் தூக்கிவிடுவார், இந்தப் பெண்ணைப் பாருங்கள் என்று சொன்னார். எல்லோரும் பார்த்தார்கள்.

மார்பில் கட்டி வந்தபோதும் அவள் அந்தப் பேச்சை நம்பினாள். அவனும் நம்பினான். கூடத்தில் பிரார்த்தனை செய்து கொடுத்த தண்ணீரைத் தடவினாள். கரையும் என்றார்கள். அது கரையாமல் வளர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவனை வெளியே கூப்பிட்டு, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை, கூடத்துக்குத்தான் போனோம் என்று எப்படிச் சொல்வது.

கட்டி உடைந்து புண்ணானபோது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடி கொடுத்தாள். புண்ணுக்குக் கட்டு மாற்றத் தெரியுமா என்று கேட்டு, அவன் செய்வதைப் பார்த்துவிட்டு, கை சுத்தமாக வேலை செய்கிறது என்று பாராட்டினாள். "வாட வந்துச்சுன்னா இந்தப் பொடியத் தூவுங்க. வரும். வந்தா மட்டும் போட்டாப் போதும்" என்றாள். அவன் பொட்டலத்தை அடுப்புக்கு மேலே பலகையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தான். வாடை வரும்போது போடலாம் என்று இருந்தான்.

*

அவள் மாறினது கூடத்துப் பெஞ்சில்தான். அப்போது அவனுக்கு அது விளங்கவில்லை.

ஒரு பிரார்த்தனை நாளில் பெரியவரின் மனைவி அவளிடம் வந்து, தோளைத் தொட்டு, கதவுப்பக்கம் உட்காருங்கள் அம்மா, காற்று வரும் என்று சொன்னாள். அவளும் போய் உட்கார்ந்தாள். பாட்டு வேறொரு பெண்ணுக்குப் போனது. அவள் கதவோரத்திலிருந்தே கூடப் பாடினாள். அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அதற்கு முந்தின பெஞ்சிலும் ஆள் குறைந்தது. பிறகு ஒரு வாரம் போனபோது பெஞ்சையே தூக்கி வெளியே வராந்தாவில் போட்டிருந்தார்கள். மேலே ஒரு மெத்தைத் துண்டு வேறு விரித்திருந்தது, அவளுக்கு உறுத்தக் கூடாது என்று. உள்ளே பிரார்த்தனை ஆரம்பித்துவிட்டது. அவள் பெஞ்சைப் பார்த்தாள். மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

அவன் பின்னாலேயே ஓடிவந்தான். வீட்டில் வைத்து அவளைக் கண்டித்தான். எங்கே உட்கார்ந்தால் என்ன, கேட்கிற கடவுளுக்கு உள்ளே வெளியே எல்லாம் ஒன்றுதானே என்றான். முதல் வரிசை போய்விட்டதில் உனக்கு ரோஷம், அகம்பாவம் என்றான்.

"உனக்குத்தான்யா மூக்கு இல்ல" என்றாள். "அவருக்கு இருக்கும்போல."

அதற்கப்புறம் கூடத்துக்குப் போகவில்லை. வீட்டிலும் பாடவில்லை. அக்கா வந்து சேர்ந்ததும் அவளைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தான். அக்கா காலையும் மாலையும் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, துண்டுக்குள்ளிருந்து பிரார்த்தனை செய்வாள். இவள் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு முகத்தைத் திருப்பினாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

"அண்ணி, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. துண்டுக்குள்ள இருந்து சொன்னா அவருக்கு எப்படிக் கேக்கும்" என்றாள் ஒரு நாள்.

அக்கா அழுதுகொண்டே வெளியே வந்தாள். நோவு அப்படிப் பேசவைக்கிறது என்று அவன் சமாதானம் சொன்னான். நோவு மட்டுமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. நோவு வந்தவர்கள் எத்தனையோ பேரை அவன் பார்த்திருக்கிறான். இளகித்தான் போவார்கள். இவள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுற்று இறுகினாள். ஈரத்தோலை வெயிலில் போட்டு மறந்துவிட்டால் பலகையாகிப்போகும். அப்புறம் எவ்வளவு ஊறவைத்தாலும் மடியாது, மடித்தால் வெடிக்கும். அந்தத் தோலை ஷாப்பில் யாரும் கையில் வாங்க மாட்டார்கள்.

தையல்காரரின் மருமகள் பிள்ளை பெற்று வந்திருந்தாள். ஒரு நாள் பாவம், நல்ல மனசோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவளைப் பார்க்க வந்தாள். வாசற்படியிலேயே நின்று குழந்தையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். எட்டு வருஷமாக வேண்டிக் கடவுள் கொடுத்தது என்றாள்.

இவள் தலையைத் தூக்கிக் குழந்தையை ஆசையாகத்தான் பார்த்தாள். அவனுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது.

"நல்லா இருக்கு" என்றாள். "குடுத்தவருக்கு வீடு தெரியும். திரும்ப வருவாரு. கதவச் சாத்தி வை."

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஓடினாள். அவன் பின்னாலேயே போய்த் தையல்காரர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டான். உள்ளே கூப்பிடவில்லை. திரும்பி நடந்தான். இத்தனை நாள் புண்ணைத் தொட்டுத் துடைத்தபோது வராத அருவருப்பு அன்றைக்கு வந்தது. உள்ளே போய் அவளைப் பார்க்கப் பிடிக்காமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய பயம் அவளுக்குச் சாவு வரும் என்பதில்லை. அது வரப்போகிறது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. செத்துப்போன தன் குழந்தை கடவுளிடம்தான் இருக்கிறது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் பாடிப் பாடித்தான் அதை அவன் மனதில் ஊன்றினாள். இப்படியே, இந்த வாயோடு போனால், அவள் அந்த இடத்துக்குப் போய்ச் சேர மாட்டாள். குழந்தை அங்கே ஒண்டியாக நின்றுகொண்டிருக்கும். பின்னால் அவன் போனாலும், அம்மா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது. ஒரே ஒரு தடவை அவள் கடவுளைக் கூப்பிட்டால் போதும். முனகலாகக் கூப்பிட்டாலும் போதும். மரக்கட்டையில் தோலைப் போட்டு வழிக்கும்போதெல்லாம் அவன் வாய்க்குள் இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தான். மேஸ்திரி கவனித்துவிட்டு, "என்ன மூக்கா, தோலோட பேசுற?" என்று கேட்டார்.

*

பெரியவரை வீட்டுக்கு அழைத்துவந்தது அக்காதான். பகல் சாப்பாடு முடிந்த நேரம். அன்றைக்கு அவனுக்கு விடுமுறை. பெரியவர் வெள்ளைச் சட்டையில், நனைத்து மடித்த கைக்குட்டையோடு வந்தார். அதில் அத்தர் போட்டிருப்பதாக அக்கா பிறகு சொன்னாள். அறை வாசலில் வந்ததும் கைக்குட்டை அவர் மூக்குக்குப் போனது. உள்ளே வந்து நாற்காலியில், அதன் நுனியில், உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. குழந்தை போனபோது மழையில் நனைந்துகொண்டு கூடவே நின்றவர்.

நிதானமாகத்தான் பேசினார். கடவுள் யாரை நேசிக்கிறாரோ அவரைத்தான் வளைக்கிறார், வளைந்து கொடுத்தால் வலி குறையும், விறைத்து நின்றால் முறியும் என்றார். உன் குரலைக் கேட்காமல் கூடமே வெறிச்சோடிக் கிடக்கிறது என்றார். ஒரு சின்னப் பிரார்த்தனை செய்கிறேன், நீ 'ஆமாம்' என்று மட்டும் சொல், போதும் என்றார். அக்கா சுவரோரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அவன் மனைவியின் காலடியில் நின்றான். ஆமாம் என்பது சின்னச் சொல்தான். சொல்லிவிடுவாள் என்று நினைத்தான்.

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஐயா, சொல்றேன். நீங்க சொல்லச் சொன்னதச் சொல்றேன்" என்றாள். "அந்தக் கைக்குட்டைய எடுத்துட்டுப் பிரார்த்தன பண்ணுங்க."

பெரியவரின் கைக்குட்டை மூக்கிலேயே இருந்தது.

"ஒரு பாட்டு நேரம் போதும். நான் இதுக்குள்ளதான் இருக்கேன், ராவும் பகலும். அவரும் கூடவே இருக்காருன்னு நீங்க சொல்றீங்க. அப்ப நீங்களும் ஒரு பாட்டு நேரம் இருங்க. நான் ஆமான்னு சொல்றேன்."

பெரியவர் அவனைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதை அவர் செய்தார், இல்லையென்று சொல்லக் கூடாது. கண்ணை மூடி ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் வந்தது. மூன்றாவதில் குரல் தடித்தது. தொண்டை ஏறி இறங்கியது. வாயை மூடிக்கொண்டு மூச்சை அடக்கினார், நெற்றி வியர்த்தது. திரும்ப வாயைத் திறந்தபோது வார்த்தை வரவில்லை. எழுந்து ஓடினார். வாசற்படி தாண்ட முடியவில்லை. தின்ற மதியச் சாப்பாடு முழுவதும் படியிலும் அவருடைய செருப்பிலும் விழுந்தது.

உள்ளே அவள் சிரித்தாள். சத்தமாக, புண் குலுங்க, கட்டின துணியில் ரத்தம் ஊறச் சிரித்தாள். பாடின அதே குரல். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

அவன் தண்ணீர் ஊற்றிப் படியைக் கழுவினான். பெரியவரின் செருப்பையும் கழுவிக் கொடுத்தான். அவர் முகத்தை நிமிர்த்தவில்லை. மன்னிச்சிரு தம்பி, எப்படித்தான் இதுக்குள்ள இருக்கீங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பலகையில் பொட்டலம் அப்படியே இருந்தது, போட்ட முடிச்சு போட்டபடி. அவன் வாடைக்குக் காத்திருந்தான். வாடை வந்து, வீட்டை நிறைத்து, தெருவுக்கும் போய், கூடத்துப் பெஞ்சையும் தூக்கி வெளியே போட்டுவிட்டது. அவனிடம் மட்டும் வரவில்லை.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனான்.

"ஏன் சொல்லல? வாட வந்தா சொல்லணும்னு உனக்குத் தெரியாதா? எனக்கு மூக்கு இல்லங்கிறத நான் மறந்துட்டேன். உனக்குமா மறந்துபோச்சு?"

"மறக்கல."

"பின்ன?"

"மொதல்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு. வீட்ல ஒருத்தனுக்காவது நான் நாறாம இருக்கேனேன்னு இருந்துச்சு." மூச்சு வாங்கினாள். "அப்புறம் வேணும்னுதான் சொல்லல. அதப் போட்டா இவங்கல்லாம் கைக்குட்ட இல்லாம வந்து குந்திக்குவாங்க. ராத்திரி வரைக்கும் பேசுவாங்க. இது இருந்தா சீக்கிரம் போயிடுறாங்க."

"அக்கா ஒரு மாசமா துண்டக் கட்டிக்கிட்டு வேல செய்யுது."

"தெரியும்."

"அதுவும் உனக்குப் பாவமா தெரியலயா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது, எப்போதும் தெரிந்ததில்லை.

"இல்ல" என்றாள். "பாவமா தெரியிற எடம் காஞ்சிபோச்சு."

அவன் துணியை நனைத்துப் பிரித்து, ரத்தத்தைத் துடைத்து, பொடியைத் தூவிக் கட்டினான். அவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அக்கா மூக்கிலிருந்து துண்டை அவிழ்த்து வைத்தாள். அதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. சுலபமாக இருந்திருக்கிறது. ஒரு சிட்டிகைப் பொடி. அந்தப் பெஞ்சு உள்ளேயே இருந்திருக்கும். இதைக் கடவுள் ஏன் தனக்கு முன்னாலேயே காட்டவில்லை என்று ஒரு கேள்வி வந்தது. அதை அவன் உடனே விழுங்கிவிட்டான்.

*

அவள் போன அன்று அவன் ஷாப்பில் இருந்தான். கட்டையில் ஒரு தோல் பாதி வழித்தபடி கிடந்தது. தையல்காரர் வாசலில் வந்து நின்று கையைக் காட்டினார். அவன் கத்தியைக் கீழே போட்டான், ரப்பர் அங்கியைக் கழற்றி எறிந்தான், ஓடினான். வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா டாக்டரைக் கூட்டிவரக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மூச்சு ஒரு மாதிரி இழுக்கிறது, நீ பக்கத்தில் இரு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அறையில் வெயில் விழுந்திருந்தது. அவள் கண் மூடியிருந்தது. மூச்சு வந்து, நின்று, யோசித்துவிட்டு மறுபடியும் வந்தது. அவன் படுக்கையோரம் முழங்காலில் உட்கார்ந்தான். நேரம் அதிகம் இல்லை என்று தெரிந்தது. அவளால் இனிமேல் கூப்பிட முடியாது, அவளுக்குப் பதிலாகத் தானே கூப்பிட்டால் கணக்கில் சேருமா என்று நினைத்தான். இரண்டு கைகளையும் கூப்பி, அவள் முகத்துக்கு வெகு பக்கத்தில் வைத்துக்கொண்டு, முணுமுணுவென்று வேண்ட ஆரம்பித்தான். உன் அம்மா பாடினவள்தானே, நீ சொல்லேன் என்று நடுவில் குழந்தையிடமும் வேண்டினான்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு கூப்பின கைகளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவன் குனிந்து காதைக் கொடுத்தான். ஒரு வாக்கியம் சொன்னாள், தெளிவாகச் சொன்னாள். அவன் எழுந்து புழக்கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது மூச்சு இல்லை.

டாக்டரோடு வந்த அக்கா வாசலிலேயே புரிந்துகொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"ஏதாச்சும் சொன்னாளாடா? கடைசியா?"

அக்காவின் முகத்தில் ஒரு மாதம் துண்டு கட்டின தடம் இரண்டு கன்னத்திலும் இன்னும் கோடாக இருந்தது. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அக்கா இங்கே இருந்தாள்.

"கடவுளேன்னு சொன்னா" என்றான்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தாள்.

அடக்கத்துக்குத் தெருவே வந்தது. பொடி போட்டிருந்ததால் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. தையல்காரரின் மருமகள்கூட, குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு ஓரமாக வந்து நின்றாள். பெரியவர் முன்னால் வந்து பேசினார். கைக்குட்டை கொண்டுவரவில்லை. இந்த மகளின் கல்லான மனதைக் கஷ்டம் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கியது என்றார். எதிர்த்தாள், ஏசினாள், கடைசி மூச்சில் பணிந்தாள், வாயில் கடவுள் பெயரோடு போனாள், கணவன் காதால் கேட்டான் என்றார். நாம் எல்லோரும் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஜனங்கள் தலையசைத்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரியவரின் மனைவி அவன் தோளைத் தொட்டு, பெஞ்சு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், பார், எல்லாம் நல்லதில் முடிந்தது என்றாள்.

அவன் தலையைக் குனிந்து நின்றான். பணிந்து நிற்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அவனுக்குள் மெள்ள ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அவன் சொன்ன பொய்யைத் தூக்கி, கழுவி, விரித்துப் போட்டு, இவர்கள் என்னமாய் வழித்தெடுக்கிறார்கள். ஒட்டிக்கொண்டிருந்த அவளை முழுசாக வழித்துச் சாக்கடையில் தள்ளியாகிவிட்டது. வெள்ளைவெளேரென்று ஒரு தோல் மட்டும் கையில் இருக்கிறது. முன்னால் கேட்ட கதைகளும் இப்படித்தான் ஆகியிருக்குமா. கஷ்டத்தில் பணிந்தவர்கள் என்று கூடத்தில் சொன்ன அத்தனை பேருக்கும் பின்னால் ஒரு புருஷனோ அக்காவோ இருந்திருப்பார்களா. வாய்க்குள் எச்சில் ஊறியது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றான். மேலே நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். அங்கே பார்க்கவும் பிடிக்கவில்லை.

மறுவாரம் வேலைக்குப் போனான். கட்டையில் தோலைப் போட்டான். வாய்க்குள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். மூக்கன் என்று கூப்பிடவில்லை.

"நல்ல சாவுன்னு சொன்னாங்கப்பா" என்றார். "சாமி பேரச் சொல்லிட்டுப் போச்சாமே."

"ஆமா" என்றான். அந்தச் சின்னச் சொல் சுலபமாகத்தான் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நேராகப் புழக்கடைக்குப் போனான். எலுமிச்சை மூடிகள் இரண்டு, அவள் போன அன்றைக்குப் பயன்படுத்தியவை, காய்ந்து சுருண்டு கல்லின் மேல் கிடந்தன. அன்றைக்கும் இதே இடத்தில்தான் நின்றிருந்தான். மோந்து பார்க்க ஆள் இருக்கிறாள் என்பதால் அவசரப்படாமல் தேய்த்தான். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தான். சோப்புப் போட்டான். மறுபடியும் மூடியை எடுத்தான். துடைத்துக்கொண்டு உள்ளே போய், பழைய பழக்கம்போல இரண்டு கைகளையும் அவள் மூக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டு நின்றான். பாஸ் என்றோ ம்ஹூம் என்றோ சொல்வாள் என்று நின்றான். விரல்களில் காற்றே படவில்லை.

அதற்குச் சற்று முன்னால், கூப்பின அந்தக் கைகளைப் பார்த்துத்தான் அவள் சொல்லியிருந்தாள்:

"நாறுதுய்யா. போய்க் கழுவிட்டு வா."